படிவம் வாசல், பட்டியல் வீடு

கணினிப் பாடம்: மின்படிவத்தைப் பொதுப் பட்டியலோடு இணைப்பது எப்படி?

2022-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 24-ஆம் தேதி வந்தது. மும்பை முலுண்டில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஆறு பெண்கள் சேர்ந்து தேன்குழல், மிக்சர், ரவா லாடு, அதிரசம், தீபாவளி மருந்து ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்த ஆர்டர்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அதற்கு முந்தைய மாதமே இணையத்தில் ஒரு பொதுப் பட்டியலைத் தொடங்கி, அழகான படிவம் ஒன்றையும் செய்து கொடுத்திருந்தேன். எல்லோரும் மெச்சினார்கள்.

23-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மாட்டுங்காவிலிருந்து ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்திருக்கார். நீங்க அனுப்புவீங்கன்னு நம்பி நான் அடுப்பே பத்த வைக்கலையே" என்றார். பட்டியலைத் தேடினோம். ஆர்டர் இருந்தது. நான்கு கிலோ, பெயர், கைபேசி எண் எல்லாம் சரியாக இருந்தன. 'கொடுக்க வேண்டிய நாள்' என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. 'நாளை கொடுக்க வேண்டியவை' என்ற பார்வையை வைத்துத்தான் பொட்டலம் கட்டினார்கள். நாள் இல்லாத ஆர்டர் அந்தப் பார்வையில் எப்படி வரும்?

படிவத்தில் தேதியைக் கட்டாயம் என்று நான் வைத்திருந்தேனே, பிறகு எப்படி அது வெறுமையாகப் போயிற்று? இக்கேள்விக்கான விடைதான் இந்தப் பாடம். வீட்டில் சிறு தொழில் நடத்துவோர், சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்துக் கொள்வோர், அலுவலகத்தில் இத்தகைய வேலை தலையில் விழுந்தோர் ஆகிய அனைவருக்கும் இது பயன்படும். மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ஸ், அதற்கு அடிப்படையான ஷேர்பாயிண்ட், படிவம் அமைக்கும் பவர் ஆப்ஸ் ஆகியவற்றை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். தத்துவம் எல்லா மென்பொருளுக்கும் பொதுவானதே.

1. பட்டியல் என்பது என்ன?

மேலிருந்து கீழாகச் செல்வதைப் பத்தி என்றும், இடமிருந்து வலமாகச் செல்வதை வரி என்றும் வைத்துக் கொள்வோம். ஓர் ஆர்டருக்கு ஒரு வரி. எக்செல் தாளும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கிறது என்று நீங்கள் கூறலாம். வேறுபாடு உண்டு. எக்செலில், நாமாகத் தடை போட்டாலொழிய, எந்தக் கட்டத்திலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தேதிக்குரிய இடத்தில் 'அடுத்த வெள்ளி' என்று எழுதினாலும் அது வாய் திறவாது. பட்டியலில் ஒவ்வொரு பத்திக்கும் ஓர் இனம் உண்டு: ஒற்றை வரி எழுத்து, எண், நாணயம், தேதி, தேர்வு, ஆம்/இல்லை, வேறு பட்டியலிலிருந்து எடுப்பது எனப் பல வகை. தேதிப் பத்தி தேதியைத்தான் ஏற்கும்.

இன்னொரு வசதி. ஒவ்வொரு வரிக்கும் பட்டியல் தானாகவே ஓர் எண் தருகிறது. வரியை அழித்தாலும் அந்த எண் மற்றொன்றுக்குப் போவதில்லை. ஆகவே அதையே ஆர்டர் எண்ணாக வாடிக்கையாளரிடம் சொல்லிவிடலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் பட்டியல் வைத்துக் கொள்ளும். தவறி அழித்த வரியை ஷேர்பாயிண்டில் 93 நாள்வரை மீட்க முடியும்.

2. படிவம் என்பது என்ன?

பட்டியலைத் தொடங்கியதுமே அதற்கு ஒரு சாதாரணப் படிவம் தானாக வந்துவிடுகிறது. பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கேட்கும், அவ்வளவுதான். நம் தேவைக்கேற்ப அதை மாற்றி அமைப்பதே இப்பாடத்தின் பொருள். வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் மட்டும் முகவரி கேட்பது, பண்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் விலையைத் தானாக நிரப்புவது, கைபேசித் திரையில் பெரிய எழுத்தில் காட்டுவது போன்றவை இதில் அடங்கும்.

இதற்கு ஒரு சிறு வரலாறு உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆஃபீஸ் 2003-உடன் இன்ஃபோபாத் என்ற படிவ மென்பொருளை வெளியிட்டது. ஷேர்பாயிண்ட் 2010-இல் பட்டியலின் படிவத்தையே இன்ஃபோபாத் கொண்டு மாற்றி அமைக்க முடிந்தது. எத்தனையோ அலுவலகங்களில் விடுப்பு விண்ணப்பமும் பயணப்படிக் கோரிக்கையும் அதில்தான் ஓடின. ஆனால் 2013-இல் வந்ததே கடைசிப் பதிப்பு. இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று 2014 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆதரவு முடியும் நாளாக 2026 ஜூலை 14 குறிக்கப்பட்டது. அதன் இடத்தில் பவர் ஆப்ஸ் வந்தது. 2017 முதல் பட்டியல் படிவங்களை அதைக் கொண்டு அமைக்கிறார்கள்.

இதில் நமக்கொரு படிப்பினை இருக்கிறது. இன்ஃபோபாத்தில் பட்டியலின் பத்திகளிலேயே விவரங்களைச் சேர்த்தவர்களுக்குப் படிவம் மட்டுமே போயிற்று. விவரங்கள் பட்டியலில் பத்திரமாக இருந்தன. படிவத்தைத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்தவர்களோ, கோப்பு ஒவ்வொன்றையும் பிரித்து விவரங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. வாசலை இடித்துக் கட்டுவோம், கதவை மாற்றுவோம். வீடு நிற்க வேண்டும். படிவம் வாசல், பட்டியல்தான் வீடு.

3. முதலில் காகிதமும் பென்சிலும்

கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஒரு தாளில் பத்திகளை எழுதிக் கொள்ளுங்கள். எங்கள் ஆர்டர் பட்டியலுக்கு வேண்டியவை இவை:

(1) பெயர் - ஒற்றை வரி எழுத்து
(2) கைபேசி - ஒற்றை வரி எழுத்து
(3) பகுதி - தேர்வு: முலுண்ட், மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி
(4) பண்டம் - 'பண்டங்கள்' என்ற தனிப் பட்டியலிலிருந்து எடுப்பது
(5) அளவு, கிலோவில் - எண்
(6) அன்றைய விலை - நாணயம்
(7) ஆர்டர் தேதி - தேதி. இன்றைய தேதி தானாக விழும்
(8) கொடுக்க வேண்டிய நாள் - தேதி
(9) வீட்டுக்கு அனுப்பவா - ஆம்/இல்லை
(10) முகவரி - பல வரி எழுத்து
(11) நிலை - தேர்வு: பதிவு, தயார், அனுப்பியது, பணம் வந்தது

ஒரு வரியில் ஒரு பண்டம் என்பது தொடக்கத்துக்குப் போதும். ஒருவர் மூன்று பண்டம் கேட்டால் மூன்று வரிகள்.

சில தேர்வுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். கைபேசி எண்ணை 'எண்' இனமாக வைக்காதீர்கள். முன்னால் வரும் பூஜ்யம் மறைந்துவிடும், நடுவில் காற்புள்ளிகள் முளைக்கும். கூட்டிக் கழிக்காத எதுவும் எழுத்துத்தான் என்று நினைவில் வைத்தால் தவறு வராது.

பகுதியைத் தேர்வாக வைத்ததற்குக் காரணம், ஒருவர் 'மாட்டுங்கா' என்பார், மற்றவர் 'மாதுங்கா' என்பார், மூன்றாமவர் ஆங்கிலத்தில் அடிப்பார். மூன்றும் கம்ப்யூட்டருக்கு மூன்று ஊர்கள். வண்டி ஒரே தெருவுக்கு மூன்று முறை போகும்.

பண்டங்களின் விலை தனிப் பட்டியலில் இருந்தும் 'அன்றைய விலை' என்று ஆர்டரில் இன்னொரு முறை எழுதுவானேன்? நெய் விலை ஏறினால் பண்டங்கள் பட்டியலில் விலையை மாற்றுவோம். ஆர்டரானது விலையை அங்கிருந்தே காட்டிக் கொண்டிருந்தால் போன வருடக் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். ஆர்டர் எடுத்த அன்று பேசிய விலை அந்த வரியிலேயே தங்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் அனைவரும் பட்டிருப்போம். வடக்கே செய்யப்படும் படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு இரண்டையும் கட்டாயமாக்கிவிடுகின்றன. தலைப்பெழுத்தை மட்டும் கொண்ட நாம், தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாகப் போட்டு, ஒரே ஆள் இரண்டு ஆளாகப் பதிவாகிறோம். நாமே படிவம் செய்யும்போதாவது 'முழுப் பெயர்' என்று ஒரே பத்தி வைப்போம்.

4. விதியை எங்கே வைப்பது?

இதுவே பாடத்தின் உயிர்நாடி. விதிகளை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று படிவம், மற்றது பட்டியல்.

நான் செய்த பிழை இதுதான். 'கொடுக்க வேண்டிய நாள்' கட்டாயம் என்ற விதியைப் படிவத்தில் மட்டும் வைத்தேன். பண்டிகைக்கு முந்தைய வாரம் வேலை மிகுந்தபோது, குழுவில் ஒருவர் படிவத்தை நாற்பது முறை திறந்து மூட நேரமில்லாமல், பட்டியலையே எக்செல் போல விரித்துக் காட்டும் கட்டப் பார்வையில் நேரடியாக அடித்திருக்கிறார். அப்படிச் செய்வதற்குப் பட்டியலிலேயே வசதி உண்டு. அவர் செய்தது குற்றமல்ல. ஆனால் அந்த வழியில் என் படிவம் குறுக்கிடவேயில்லை. முன்வாசலில் காவல் வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டதற்கு இது சமம்.

ஒரு பட்டியலுக்குள் வரக் குறைந்தது நான்கு வழிகள் உண்டு: படிவம், கட்டப் பார்வை, எக்செலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவது, வேறொரு மென்பொருள் தானாக வரி சேர்ப்பது. ஆகவே காப்பதற்கான விதிகள் பட்டியலில் இருக்க வேண்டும். படிவத்தில் இருக்க வேண்டியவை, நிரப்புபவருக்கு உதவும் விதிகள் மட்டுமே.

பட்டியலில் மூன்று நிலைகளில் விதி வைக்கலாம்.

முதலாவது, பத்தியின் அமைப்பில் 'இந்தப் பத்தியில் விவரம் கட்டாயம்' என்பதை 'ஆம்' என மாற்றுவது. கட்டப் பார்வையில் அடித்தாலும், தேதி இல்லாத வரி சேமிக்கப்படாமல் நிற்கும்.

இரண்டாவது, ஒரு பத்திக்கான சோதனைச் சூத்திரம். அளவு அரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது என்றால், அந்தப் பத்தியின் அமைப்பில் அதைச் சூத்திரமாக எழுதலாம். விதியை மீறினால் தோன்ற வேண்டிய செய்தியையும் நாமே தமிழில் தரலாம்: 'அரைக் கிலோவுக்குக் குறைந்து எடுப்பதில்லை'.

மூன்றாவது, பட்டியல் முழுமைக்குமான சோதனை. இரண்டு பத்திகளை ஒப்பிட இதுவே இடம். கொடுக்க வேண்டிய நாள், ஆர்டர் தேதியிலிருந்து குறைந்தது மூன்று நாள் தள்ளி இருக்க வேண்டும் என்பது போன்ற விதி.

ஓர் எச்சரிக்கை. விதி போடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்ட வரிகளைப் பட்டியல் தானாகத் திரும்பிச் சோதிப்பதில்லை. அதற்காக 'நாள் இல்லாதவை' என்று ஒரு பார்வை செய்யுங்கள். தேதி வெறுமையாக உள்ள வரிகளை மட்டும் அது காட்டட்டும். தினமும் காலையில் முதலில் அதைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதைக் காவல் பார்வை என்று நாங்கள் அழைக்கிறோம்.

5. படிவத்தை அமைக்கும் முறை

பட்டியல் உறுதியானபின் படிவத்துக்கு வருவோம். பவர் ஆப்ஸ் கொண்டு படிவம் மாற்ற அலுவலக அல்லது பள்ளிக் கணக்கு வகையிலான மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். அதற்காக உங்கள் முதலாளி கொடுத்த கணக்கில் சொந்தத் தொழிலின் பட்டியலை வைக்காதீர்கள். அது முறையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. வேலை மாறும் அன்றே பட்டியலும் கைவிட்டுப் போகும். குழுவின் பெயரிலேயே சந்தா எடுங்கள்.

படி 1: பட்டியலைத் திறந்து, மேலே உள்ள 'இன்டெக்ரேட்' என்ற மெனுவில் பவர் ஆப்ஸ் சென்று, படிவத்தை மாற்றுவதற்கான கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். சற்று நேரத்தில் படிவம் வரைபலகையில் தோன்றும்.

படி 2: ஒவ்வொரு பத்தியும் ஓர் அட்டையாக இருப்பதைக் காண்பீர்கள். அட்டைகளை இழுத்து வரிசை மாற்றலாம், வேண்டாததை நீக்கலாம். முதலில் அவை பூட்டப்பட்டிருக்கும். உள்ளே கை வைக்க வேண்டுமானால், அட்டையைத் தேர்ந்து 'அட்வான்ஸ்டு' பகுதியில் பூட்டைத் திறக்க வேண்டும்.

படி 3: முகவரி அட்டையைத் தேர்ந்து, அது தெரிய வேண்டிய நிபந்தனையை எழுதுங்கள். 'வீட்டுக்கு அனுப்பவா' என்பது 'ஆம்' ஆனால் மட்டும் தெரியும்படி செய்யலாம். கடைக்கே வந்து வாங்குபவரிடம் முகவரி கேட்டு அலுப்பூட்ட வேண்டியதில்லை.

படி 4: பண்டத்தைத் தேர்ந்ததும் பண்டங்கள் பட்டியலிலிருந்து அன்றைய விலையை எடுத்து நிரப்பும்படி விலை அட்டையை அமைக்கலாம். மனத்திலிருந்து விலை போடும் பிழை இதனால் ஒழியும்.

படி 5: இணைப்பு எங்கே நடக்கிறது என்பதைப் புரிந்து கொள்ளுங்கள். இடப்பக்க மரத்தில் 'ஷேர்பாயிண்ட் இன்டக்ரேஷன்' என்று ஒன்று இருக்கும். பட்டியலில் 'புதியது' என்று அழுத்தினால் படிவம் எந்த நிலையில் திறக்க வேண்டும், வரியைத் தொட்டால் எப்படிக் காட்ட வேண்டும், 'சேமி' அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பவை இங்கேதான் எழுதப்பட்டுள்ளன. பட்டியலும் படிவமும் கைகுலுக்கும் இடம் இது. தெரியாமல் இதைக் கலைத்துவிட்டால் 'சேமி' அழுத்தியும் சேமிக்காத படிவம்தான் கிடைக்கும்.

படி 6: சோதித்தபின் ஷேர்பாயிண்டுக்கு வெளியிடுங்கள். வெளியிடும்வரை மற்றவர்கள் பழைய படிவத்தையே பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் பட்டியலின் படிவ அமைப்புக்குச் சென்று பழைய சாதாரணப் படிவத்துக்கே திரும்பிவிடலாம். அதனால் பயப்படாமல் செய்து பாருங்கள்.

பின்னொரு நாளில் பட்டியலில் புதுப் பத்தி சேர்த்தால், நீங்கள் மாற்றிய படிவத்தில் அது உரிய இடத்தில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இல்லையென்றால் அட்டையைச் சேர்த்து மறுபடியும் வெளியிட வேண்டும்.

6. வெளியாருக்கு வேறு படிவம்

மேற்சொன்ன படிவத்தைப் பட்டியலில் உரிமை உள்ளவர்களே திறக்க முடியும். நம் குழுவினருக்கு அது போதும். மாட்டுங்கா வாடிக்கையாளர் தாமே ஆர்டர் போட வேண்டுமானால்? அவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியாதல்லவா?

இதற்கு மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் தனிப் படிவம் செய்து, இணைப்பு உள்ள எவரும் நிரப்பலாம் என அமைத்து, அந்த இணைப்பை வாட்ஸப்பில் அனுப்பலாம். அதையும் பட்டியலையும் பவர் ஆட்டோமேட் இணைக்கும். அதில் மூன்றே கண்ணிகள்: புதிய பதில் வந்தால் விழித்துக் கொள், அந்தப் பதிலின் விவரங்களை எடு, பட்டியலில் ஒரு வரி உருவாக்கு. மூன்றாவது கண்ணியில் எந்தக் கேள்வியின் விடை எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று நாம் காட்டிக் கொடுக்கிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, தேர்வுச் சொற்கள் படிவத்திலும் பட்டியலிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இங்கே 'மாட்டுங்கா' என்றும் அங்கே 'மாதுங்கா' என்றும் இருந்தால், பகுதிவாரியாகப் பிரிக்கும் பார்வையில் அந்த ஆர்டர் சிக்காது. எடுப்புப் பத்தியாக உள்ள பண்டத்துக்குப் பெயரை அல்ல, பண்டங்கள் பட்டியலில் அதற்குள்ள வரி எண்ணைக் கொடுக்க வேண்டும். இரண்டு, படிவத்தில் ஒரு கேள்வியை அழித்து மறுபடி எழுதினால், சொற்கள் அதேயானாலும் கம்ப்யூட்டருக்கு அது புதுக் கேள்வி. இணைப்பை மீண்டும் காட்ட வேண்டும். மூன்று, பட்டியலின் சோதனை விதியை மீறும் ஆர்டரைப் பட்டியல் ஏற்காமல் திருப்பிவிடும். வாடிக்கையாளரோ 'அனுப்பியாயிற்று' என்று நிம்மதியாக இருப்பார். ஆகவே தோல்வியுற்ற ஓட்டங்களைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். ஓட்ட வரலாறு 28 நாள்வரை இருக்கும். நான்கு, இந்த இணைப்பு அதைச் செய்தவரின் கணக்கில் ஓடுகிறது. இன்னொருவரையும் உடன் உரிமையாளராகச் சேர்த்து வையுங்கள்.

இவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்கள் கூகுள் ஃபார்ம்ஸும் ஷீட்ஸும் கொண்டு தொடங்கலாம். அங்கே பதில்கள் விழும் தாளில் யாரும் நேரடியாகத் திருத்தாதபடி அதைப் பூட்டிவிட்டு, கணக்குப் பார்ப்பதற்கு வேறு தாள் வைத்துக் கொள்ளுங்கள். தாளில் செய்யும் திருத்தம் படிவத்தில் சேமிக்கப்பட்ட மூலப் பதிலை மாற்றுவதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

7. தமிழில் பத்திப் பெயர்

பத்திகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஒரு சூட்சுமம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஷேர்பாயிண்டில் ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு பெயர்கள். ஒன்று நாம் காண்பது, மற்றது உள்ளே இருப்பது. பத்தியை முதன்முதலில் உருவாக்கும்போது கொடுக்கும் பெயரிலிருந்து உட்பெயர் உண்டாகிறது. பிறகு வெளிப்பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உட்பெயர் மாறாது. ஆங்கில எழுத்தல்லாதவை உட்பெயரில் அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஏழு எழுத்துகள் கொண்ட ஒரு சங்கேதமாக விரிகிறது. உட்பெயருக்கு இடமோ 32 எழுத்துகள்தான். 'தேதி' என்ற சொல்லே த, ஏகாரக் குறி, த, இகரக் குறி என நான்கு குறிகளாகி 28 எழுத்துகளை விழுங்கிவிடுகிறது. நீண்ட பெயர் பாதியில் அறுபடும். 'விநியோகத் தேதி', 'விநியோக முகவரி' என்ற இரண்டும் உள்ளே ஏறக்குறைய ஒரே பெயராகக் குழம்பும். சூத்திரமோ இணைப்போ எழுதுபவர் தலையைப் பிய்த்துக் கொள்வார்.

தீர்வு எளிது. பத்தியை உருவாக்கும்போது இடைவெளியில்லாத சிறிய ஆங்கிலப் பெயர் கொடுத்துச் சேமியுங்கள். உடனே திரும்பச் சென்று பெயரைத் தமிழில் மாற்றுங்கள். உள்ளே ஆங்கிலம் அமைதியாக இருக்கும், வெளியே எல்லோரும் தமிழைப் படிப்பார்கள். எங்கள் குழுவில் ஆங்கிலம் படிக்கத் தயங்கி ஒதுங்கியிருந்த இருவர், தமிழ்ப் பெயர்கள் வந்தபிறகு தாமே ஆர்டர் பதியத் தொடங்கினார்கள்.

8. மறைத்தது பூட்டியது ஆகாது

வாடிக்கையாளரின் முகவரியையும் கைபேசி எண்ணையும் படிவத்தில் காட்டாமல் மறைத்துவிட்டால் இரகசியம் காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவது தவறு. பட்டியலைப் படிக்க உரிமை உள்ளவர் வேறொரு பார்வையில் அதே விவரத்தைக் காணலாம். பத்திக்குத் தனியே பூட்டுப் போட ஷேர்பாயிண்டில் வழியில்லை. ஆகவே அனைவரும் பார்க்கக் கூடாத விவரங்களைத் தனிப் பட்டியலாக வைத்து, அந்தப் பட்டியலுக்கே உரிமையைக் குறையுங்கள். தாம் பதிந்த வரிகளை மட்டும் அவரவர் காணும்படி செய்யவும் பட்டியலின் மேல்நிலை அமைப்பில் இடமுண்டு.

2023-இல் நம் நாட்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இருக்கட்டும், பொது மரியாதையும் அதையே சொல்கிறது: தேவையானதை மட்டும் கேளுங்கள். முறுக்கு விற்பதற்குப் பிறந்த தேதி எதற்கு?

9. பட்டியல் வளரும்போது

ஒரு பட்டியலில் மூன்று கோடி வரிகள்வரை சேமிக்கலாம். ஆனால் ஒரே வேளையில் 5,000 வரிகளுக்கு மேல் அலசும்படி பார்வை அமைந்தால் ஷேர்பாயிண்ட் மறுத்துவிடக் கூடும். தேடப் பயன்படும் பத்திகளுக்கு, முக்கியமாகக் கொடுக்க வேண்டிய நாளுக்கு, தொடக்கத்திலேயே சுட்டு அமைத்துவிடுங்கள். பவர் ஆப்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. சில வகைச் சூத்திரங்களில் அது முதல் 500 வரிகளை மட்டுமே எடுத்துப் பார்க்கும். இந்த எண்ணை 2,000 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் இருப்பவை தேடலில் வராமல் போகும். நூறு ஆர்டரில் சரியாக ஓடியது மூவாயிரத்தில் ஏன் தடுமாறுகிறது என்று திகைக்கும்போது இதை நினைவுகூருங்கள்.

பழகிப் பார்க்க

(1) பத்து வரிகள் கொண்ட ஒரு சிறு பட்டியல் செய்யுங்கள். ஒரு தேதிப் பத்தியைப் படிவத்தில் மட்டும் கட்டாயமாக்கிவிட்டு, கட்டப் பார்வையில் தேதியின்றி ஒரு வரி சேருங்கள். என்ன நடக்கிறது?

(2) இப்போது பட்டியலிலும் கட்டாயமாக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

(3) முதலில் நுழைந்துவிட்ட தேதியற்ற வரியைக் கண்டுபிடிக்க ஒரு காவல் பார்வை அமையுங்கள்.

இந்த மூன்றையும் செய்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். எனக்கு அது ஒரு தீபாவளி இரவில் தெரிய வந்தது. அன்று குழுவினர் தங்கள் வீடுகளுக்கென்று எடுத்து வைத்திருந்த தேன்குழலையும் லாடையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். மூன்றரைக் கிலோ தேறியது. இரவு பதினொன்றரைக்கு வண்டி பிடித்து மாட்டுங்காவில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தத் தாயார் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் ஆர்டர் தரவில்லை. அதற்கடுத்த வருடம்தான் தந்தார், இரண்டு கிலோ. அந்த வரியில் தேதி இருக்கிறதா என்று மூன்று பேர் மூன்று முறை பார்த்தோம்.